பிரேக் பைப் துருப்பிடித்து ஆயில் கசிகிறது: ஒட்டுப் போடலாமா, முழுசா மாத்தணுமா?

கேள்வி:
வண்டி 2007 மாருதி 800, தூத்துக்குடியில் ஓடுவது. பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் வாரத்துக்கு ஒரு விரல் இறங்குகிறது. பெடலை அழுத்திப் பிடித்தால் மெதுவாக உள்ளே போகிறது. அடியில் பார்த்ததில், பின்சக்கரத்துக்குப் போகும் பைப்பில் கிளிப் பிடித்திருக்கும் இடம் ஈரமாக, செதில் செதிலாக உரிகிறது. இதுபோக, பிரேக்கை விட்ட பிறகும் முன் இடது சக்கரம் பிடித்தபடியே வருகிறது. கெட்ட துண்டை வெட்டிவிட்டு ஏசிக்குப் போடும் செப்புக் குழாயைப் பற்றவைத்துத் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். சரியா? ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் பிரேக் நன்றாகுமா?

பதில் 1:
வேண்டாம் சார். முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்க. அழுத்தி மிதித்தால் பைப்புக்குள் 100 பார் வரை ஏறும். சுத்தச் செப்பு அதிர்வில் இறுகி, ஃப்ளேர் (நட்டுக்குள் உட்கார விரித்து அடித்த பைப் முனை) ஓரத்தில் விரிசல் விடும். கிளிப்புக்கு அடியில் உப்பு மணல் தங்கித்தான் துரு தொடங்குகிறது. ஒரு கிளிப்பில் தெரிந்தால் மற்ற கிளிப்களிலும் இருக்கும், அதனால் முழு நீளத்தையும் மாற்றுங்க.

வாங்க வேண்டியது 4.75 மிமீ செப்பு-நிக்கல் பைப். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். பழைய பைப்பின் மேல் நூல் பிடித்து நீளம் அளந்து, அரையடி கூடுதலாக வைத்து வெட்டுங்க. நட் எம்10 (10 மிமீ), புரி இடைவெளி 1.0 மிமீ. ஃப்ளேர் இரட்டை மடிப்பாக இருக்கணும். ஐரோப்பிய வண்டிகளுக்கு அடிக்கும் குமிழ் ஃப்ளேர் இதில் உட்காராது, எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

ரம்பத்தால் அறுக்காதீங்க, பைப் கட்டர் போதும். உள் பிசிறை எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்க. அந்தத் தூள் வீல் சிலிண்டரின் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் பாகம்) ரப்பர் வாஷரைக் கிழித்துவிடும். ஃப்ளேர் அடிக்கும் முன்னால் நட்டைக் கோர்க்க மறக்காதீங்க, எல்லாரும் தவறுவது இங்கேதான்.

பதில் 2:
கழற்றும்போது சாதாரண 10 நம்பர் ஸ்பேனர் நட்டின் முனையைத் தேய்த்துவிடும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் கட்டாயம். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைங்க. பெடலை 3 செ.மீ. அழுத்தி, ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்துவிட்டுக் கழற்றினால் டப்பாவிலிருந்து ஆயில் ஒழுகாது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், அதனால் பேட்டரி வயரைக் கழற்றிடுங்க. பிரேக் ஆயில் வண்டியின் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்க.

முன் சக்கரம் பிடிப்பதற்கு அங்கே போகும் ரப்பர் ஹோஸ்மேல்தான் சந்தேகம். ரப்பர் உள்ளே ஊதிவிட்டால் ஆயில் போகும், திரும்பி வராது. சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்து விடுங்க. சுற்றவில்லை என்றால் ஹோஸுக்கு மேலே உள்ள நட்டை லேசாகத் தளர்த்துங்க. அப்போதும் பிடித்தே இருந்து, காலிப்பரில் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) உள்ள ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் ஹோஸ் அடைப்பு. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டன் இறுகியிருக்கிறது.

கேள்வி:
ஹோஸ்தான், நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் சுற்றியது. ஒன்று மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 1:
இரண்டு பக்கமும் மாற்றுங்க, பின்னால் உள்ளதையும் சேர்த்து. எல்லாம் ஒரே வயது. ஹோஸைக் காலிப்பரில் இணைக்கும் பான்ஜோ போல்ட்டுக்குப் (ஆயில் போக நடுவில் துளையுள்ள போல்ட்) புதுச் செப்பு வாஷர் போடுங்க. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து, ஹோஸ் எங்கும் உரசாததைப் பாருங்க. ஸ்டீல் பின்னல் ஹோஸில் பெடல் கொஞ்சம் கெட்டியாகும், நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. அந்தப் பணத்தை நல்ல ரப்பர் ஹோஸுக்கும் புது ஆயிலுக்கும் செலவழிக்கலாம்.

பதில் 2:
பிரேக் ஆயில் டாட் 3 (டாட் என்பது ஆயிலின் தர எண்), சீல் உடைக்காத டப்பாவாக ஒரு லிட்டர். டாட் 4 கலந்தாலும் கெடுதல் இல்லை. சிலிகான் டாட் 5 மட்டும் கூடாது. பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில் ஏர் எடுங்க (பைப்பில் சிக்கிய காற்றை நிப்பிள் வழியாக வெளியேற்றுவது). அப்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைங்க. பழைய மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் தள்ளும் முக்கிய பிரேக் சிலிண்டர்) பெடல் தரை வரை போனால், உள்ளே துருவேறிய பகுதியில் உரசி ரப்பர் வாஷர் கிழியும். கடைசியில் என்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பாருங்க. துளி ஈரம் இருந்தாலும் வண்டியை எடுக்காதீங்க.