பூஞ்சை பிடித்த ஊழியக் கேசட்டுகளை மீட்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் வசிக்கிறேன். என் சித்தப்பா 1990-களில் ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில், ஜி. உதயகிரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மிஷனரியாகப் பணியாற்றியபோது, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள் எங்களிடம் உள்ளன. 2008 ஆகஸ்டில் கிறிஸ்தவர்களுக்கு எதிராக வெடித்த கலவரத்தில் அங்கே ஆயிரக்கணக்கானோர் காடுகளுக்குத் தப்பியோடினர். அவருடைய வீடும் குறிப்பேடுகளும் அப்போது எரிந்துவிட்டதால், அந்த ஊழியத்துக்கு எஞ்சியிருக்கும் பதிவு இவை மட்டுமே. அங்குள்ள பழங்குடியினர் பேசும் குயி மொழியில் ஊர்ப் பெண்கள் பாடிய பாடல்களும் இவற்றில் உண்டு.

எல்லாம் சாதாரண ஃபெரிக் (இரும்பு ஆக்சைடு பூசிய நாடா) வகை, 90 நிமிடக் கேசட்டுகள். பரணில் தகரப்பெட்டிக்குள் ஈரம் ஏறி, நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. ஓடவிட்டால் குரல் மங்கலாக இழுத்து இழுத்துக் கேட்கிறது. சற்று நேரத்தில் கிறீச்சிட்டு நின்றுவிடுகிறது.

பிளேயரின் பெல்ட்டை மாற்றி, ஹெட்டை (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதி) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தும் பயனில்லை; நல்ல கேசட் ஒன்று அதே பிளேயரில் தெளிவாக ஓடுகிறது. ஒரு ஸ்டுடியோவில், பூஞ்சை தங்கள் கருவிக்கும் பரவும் என்று மறுத்துவிட்டார்கள். வெயிலில் காயவைக்கச் சொன்னவர்களும் உண்டு. வேலூர் வெயிலில் நாடா நெளிந்துபோகும் என்பதால் அதைச் செய்யவில்லை.

கூரியரில் அனுப்ப மனமில்லை. சித்தப்பா விசுவாசிகளின் பெயரையும் ஊரையும் சொல்லி ஜெபிக்கிறார். அவர்களில் பலர் இன்னும் அங்கேயே வாழ்கிறார்கள், மதமாற்றத்தைக் கட்டுப்படுத்த 1967-லேயே சட்டம் இயற்றிய மாநிலம் அது.

வேலூர், ராணிப்பேட்டை அல்லது சென்னையில், நாங்கள் உடனிருக்கும்போதே பூஞ்சையை நீக்கி ஒலிக்கோப்பாக மாற்றித் தரக்கூடியவர் யாரையேனும் அறிவீர்களா?