உளுந்தூர்பேட்டைப் பழைய விமான ஓடுதளத்தைப் பார்க்கச் செல்வது குறித்து

கேள்வி (அரூர்வாசி):
அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் என் தாத்தா அரூரிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குக் கூலி வேலைக்குச் சென்று, அங்கே ஆங்கிலேயர் அமைத்த விமான ஓடுதளத்துக்கு ஜல்லி உடைத்தவர். அவருடைய சுத்தியல், காம்பு மூன்று முறை மாற்றப்பட்டு, இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அந்த இடத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று 78 வயதான என் தந்தை விரும்புகிறார். அங்கே பார்க்க என்ன மிஞ்சியிருக்கிறது?

பதில் 1 (கிருஷ்ணகிரி ஆசிரியர்):
அவசியம் அழைத்துச் செல்லுங்கள். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். அந்தப் போர்க்காலத்தின் அவசரத்தில் உருவானவைதாம் சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை ஓடுதளங்கள். சோழவரம் பிற்காலத்தில் மோட்டார் பந்தயங்களால் பெயர் பெற்றது. ஜல்லி உடைத்தவர்களைப் பற்றி எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. எனவே, தங்கள் தந்தைக்கு நினைவிருப்பதையெல்லாம் அங்கேயே பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பதில் 2 (தருமபுரி பயணி):
நான் சென்று வந்திருக்கிறேன். கட்டடம் எதையும் எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். பார்க்க வேண்டியது தரைதான். கான்கிரீட்டின் ஓரம் பெயர்ந்த இடத்தில் குனிந்து பார்த்தால், கையால் உடைத்த ஜல்லி ஒரே அளவில் இல்லாமல் பல முகங்களோடு தெரியும். பாளங்களின் இடுக்குகளில் புல் முளைத்திருப்பதால், பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். அது அரசு நிலம் என்பதால், முன்கூட்டியே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது; பெயர்ந்து கிடந்தாலும் ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர் வழியாகச் செல்லலாம். ஒதுங்க நிழல் இல்லாத வெட்டவெளி என்பதால், விடியற்காலையில் புறப்பட்டு வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள்.

அரூர்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பதில்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சுத்தியலைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். அதையும் உடன் கொண்டுவர வேண்டுமாம். தை பிறந்ததும் செல்கிறோம்.