சாமுராய்ச் சேவகனுக்குச் சோறு போட்டது யார்?

அகழிக்கரையான்:
வேலூர்க் கோட்டை அகழியோரம் மாலையில் நடக்கும்போதெல்லாம், நாயக்கர் காலத்தில் இங்கே காவல் நின்றவனுக்குக் கூலி நெல்லாகக் கிடைத்ததா, நிலமாகக் கிடைத்ததா என்று யோசிப்பதுண்டு. அந்த யோசனை இப்போது ஜப்பான் பக்கம் திரும்பியிருக்கிறது. சாமுராய் என்றாலே வாளையும் மானத்தையும் மட்டும் பேசுகிறார்கள். ஒரு பிரபுவை அண்டியிருந்த சாதாரணச் சாமுராய்க்குப் படி எப்படி அளந்தார்கள், களத்தில் அவன் செய்தது எந்தக் கணக்கில் ஏறியது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆரணி மண்டிக்காரன்:
அரிசி மண்டியில் கணக்கெழுதுபவன் என்பதால் அரிசியிலிருந்தே தொடங்குகிறேன். 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் நிலத்தின் மதிப்பையே 'கோக்கு' என்னும் அளவால் குறித்தார்கள். ஒரு கோக்கு ஏறத்தாழ 180 லிட்டர், அதாவது நம் 25 கிலோ சிப்பம் ஆறு. ஓராள் ஓராண்டு உண்ணப் போதுமென்று கொண்ட அளவு அது. நூறு கோக்கு நிலம் பெற்றவன் வீட்டுக்கு நூறும் வந்துவிடாது. அது மதிப்பிட்ட விளைச்சல், உழவர் பங்கு போக வரியாக வருவதே அவனுக்கு. ஆனால் போர் மூண்டால் எத்தனை ஆள், எத்தனை ஈட்டியோடு வர வேண்டும், குதிரை உண்டா என்பதை அந்த எண்ணை வைத்தே பிரபு கேட்பார்.

நடுகல் தேடி:
செங்கம் வட்டார நடுகற்களில், இன்னாருடைய சேவகன் இன்னான் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்று மாண்டவன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ஜப்பானிலோ, உயிரோடு திரும்பியவன் தன் பெயரைப் பதியவைக்கத் தானே அலைய வேண்டியிருந்தது. 1274இல் மங்கோலியரை எதிர்த்துக் காயம்பட்ட தகேசாகி சுயேநாகா என்பவர், தம் வீரம் மேலிடத்தில் தெரிவிக்கப்படவில்லை என்று, மறு ஆண்டு குதிரையையும் சேணத்தையும் விற்ற காசில் கியூஷூ தீவிலிருந்து, ராணுவ ஆட்சியின் தலைமையிடமான காமாகுரா வரை சென்று முறையிட்டார். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பவர்கள்தாம் என் நினைவுக்கு வந்தார்கள். அவருக்கு நிலப் பொறுப்பும் ஒரு குதிரையும் கிடைத்தன.

பிற்காலத்தில் கொய்த எதிரியின் தலையே வீரத்துக்கு முதன்மைச் சான்று. 1600இல் முற்றுகையிலிருந்த ஓகாக்கி கோட்டைக்குள், தம் வீரர் கொண்டுவந்த தலைகளுக்குப் பெயர்ச்சீட்டுக் கட்டி வரிசையாக வைத்தவர்கள் பெண்கள். கறுத்த பல் உயர்குடியின் அடையாளம் என்பதால், வெள்ளைப் பல் தலைகளுக்கும் பல்லில் மை பூசித் தரும்படி வீரர்கள் அவர்களிடம் கேட்டார்களாம்.

அகழிக்கரையான்:
அப்படியானால் வெகுமதிக் கணக்கிலேயே பொய் எழுதினார்கள் என்றல்லவா ஆகிறது?

நடுகல் தேடி:
எழுதத் துணிந்தவர்கள் இருந்தார்கள். அதனாலேயே சாட்சி இல்லாத வீரத்துக்கு மதிப்பு இல்லை. சுயேநாகாவும், அன்று அவரைக் காப்பாற்ற வந்த சிரோயிஷி மிச்சியாசுவும், களத்திலேயே ஒருவருக்கொருவர் சாட்சி சொல்வதென்று பேசி வைத்துக்கொண்டார்கள்.