நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறும் 1991 எம்எக்ஸ்-5: ஹெட் கேஸ்கெட்தான் காரணமா?

இருசீட்டர்

வணக்கம். என்னிடம் 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. முதல் தலைமுறை, 1.6 லிட்டர், 5 கியர் மேனுவல். வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட வண்டி, அதனால் அவசரப்பட்டு எதையும் பிரிக்க மனம் வரவில்லை.

பிரச்சினை இதுதான். நெரிசலில் நின்று நின்று போகும்போது வெப்பமானி முள் நடுவிலேயே இருக்கிறது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் இருபது நிமிடம் பிடித்து ஓட்டினால் மெதுவாக ஏற ஆரம்பித்து முக்கால் பங்கு வரை போய்விடுகிறது. 60-க்குக் குறைத்தால் ஐந்து நிமிடத்தில் இறங்குகிறது. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் இன்னும் சீக்கிரம் இறங்குகிறது. இதுவரை ஒருமுறைகூடக் கொதித்து வெளியே தள்ளியதில்லை.

தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), ரேடியேட்டர் மூடி, கூலன்ட் மூன்றையும் மாற்றிவிட்டேன். எந்த வித்தியாசமும் இல்லை. ஃபேன் ஓடுகிறது. ஒரு பட்டறையில் காட்டினேன். எதையும் சோதிக்காமலே "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கி மட்டம் அடிக்க வேண்டும்" என்றார்கள். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் அந்த கேஸ்கெட்.

கூடவே வேறு மூன்று தொல்லைகள்: காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் மேலிருந்து டிக் டிக் சத்தம், பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. எஞ்சினுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயில் ஈரம். கிளட்ச் பெடல் சில நாள் காலையில் பாதி வரை காற்றை மிதிப்பதுபோல் போகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் சரியாகிறது.

எல்லாம் ஒரே காரணமா, வேறு வேறா? ஹெட்டை இறக்கத்தான் வேண்டுமா?

பட்டறை_நாட்கள்

தம்பி, ஹெட்டைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது.

நிற்கும்போது சூடேறி, ஓடும்போது ஆறினால் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். உங்களுடையது நேர் எதிர். நல்ல வேகத்தில் போகும்போது ஃபேனுக்கு வேலையே இல்லை, எதிர்க்காற்று போதும். அந்த வண்டியில் 100-ல் ஐந்தாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,200 சுற்று ஓடும். அவ்வளவு சூட்டை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, ரேடியேட்டர் வழியாகப் போதுமான தண்ணீர் போகவில்லை. இல்லையென்றால் போதுமான காற்று போகவில்லை.

முதலில் சில கேள்விகள். வண்டியின் மூக்குக்கு அடியில் பம்பரிலிருந்து பின்னோக்கிப் போகும் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதா? ரேடியேட்டரின் மேல் தொட்டி என்ன நிறத்தில் இருக்கிறது? ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருக்கிறதா? இந்த எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதே அந்த பெல்ட்தான். அதிக சுற்றில் பெல்ட் வழுக்கினால் பம்பும் பின்தங்கும்.

இன்னொன்று, முள்ளை மட்டும் நம்பாதீர்கள். தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர் ஒன்று கடன் வாங்குங்கள். நன்றாக ஓட்டி நிறுத்தியதும் ரேடியேட்டர் முகப்பை இடமிருந்து வலமாக, கை அகலத்துக்கு ஒரு இடமாக அளந்து எழுதி வையுங்கள்.

ராத்திரி_ஓட்டம்

என் பழைய வண்டியில் இதே தொல்லை வந்தபோது தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிட்டேன். அப்புறம் முள் ஏறவே இல்லை. அதைச் செய்து பாருங்கள்.

பட்டறை_நாட்கள்

நண்பரே, உங்களுக்கு வேலை செய்திருக்கலாம், ஆனால் இந்த யோசனையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தெர்மோஸ்டாட் 88 டிகிரிக்கு அருகில் திறக்கிறது. அது இல்லாவிட்டால் ஊருக்குள் எஞ்சின் முழுச் சூட்டுக்கே வராது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும், ஆயிலும் கெடும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் அந்த அடைப்பு அப்படியேதான் இருக்கும். நீண்ட ஏற்றத்தில் மறுபடியும் சூடேறும்.

இருசீட்டர் தம்பி, புது தெர்மோஸ்டாட் போட்டபோது அதன் ஓரத்தில் ஆடும் குட்டி ஊசி மேல்பக்கம் வரும்படி வைத்தீர்களா? காற்று வெளியேறுவதற்கான வழி அது.

இருசீட்டர்

மிக்க நன்றி அண்ணா. ஊசி மேலேதான் இருக்கிறது, இப்போது திறந்து பார்த்து உறுதி செய்தேன். பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, வெடிப்பு இல்லை.

அடியில் தட்டு இல்லை! அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. போல்ட் ஓட்டைகள் மட்டும் காலியாக இருக்கின்றன. மேல் தொட்டி கறுப்பாக இல்லை, பச்சையும் பழுப்பும் கலந்த நிறம்.

கூலன்ட்_வாளி

அந்த நிறத்தைப் பார்த்ததும் ரேடியேட்டரை மாற்ற முடிவு செய்துவிடலாம். அந்தத் தொட்டி புதிதில் கறுப்பு. வருடக்கணக்காகச் சூடு பட்டுப் பட்டு இப்படி நிறம் மாறும், அப்புறம் மொறுமொறுப்பாகி மேல் மடிப்பில் கீறல் விடும். அது வெடிக்கும்போது கூலன்ட் மொத்தமும் ஒரே நிமிடத்தில் போய்விடும். உங்கள் முள் முக்காலோடு நின்றது அதிர்ஷ்டம். எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். உண்மையாகவே ஒருமுறை கொதித்தால் முதலில் வளைவது ஹெட்தான்.

தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். முன்வாயில் நுழையும் காற்று ரேடியேட்டர் வழியாகப் போவது, அதற்குப் பின்னால் அழுத்தம் குறைவாக இருப்பதால்தான். தட்டு இல்லாவிட்டால் வாயில் நுழைந்த காற்றில் ஒரு பங்கு கீழே நழுவிவிடும். வண்டிக்கு அடியில் போகும் காற்றும் எஞ்சின் அறைக்குள் ஏறி எதிர்த்து நிற்கும். வேகம் கூடக் கூட இது மோசமாகும். உங்கள் வண்டி நடந்துகொள்வது அப்படியேதான் இருக்கிறது. ரேடியேட்டரின் இரண்டு ஓரங்களிலும் உள்ள இடைவெளிகளையும் பாருங்கள், அங்கே ஃபோம் உதிர்ந்திருந்தால் காற்று அந்த வழியே போகும்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகம் மனதை அரித்தால் அதையும் தீர்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சூடாவதற்கு முன்பே கல் மாதிரி இறுகினால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். கூலன்டில் தொடர்ந்து குமிழி, காரணமில்லாமல் அளவு குறைவது, சூடான பிறகும் நிற்காத இனிப்பு வாசனை வெள்ளைப் புகை, இவையும் அடையாளங்கள். எல்லாவற்றையும் விட நல்லது நீல நிற ரசாயனச் சோதனை. ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும்போது எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிட வேலை, ஹெட்டை இறக்குவதற்கு முன் இதைச் செய்யாமல் யாராவது ஸ்பேனரை எடுத்தால் தடுத்துவிடுங்கள்.

மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தில் 120-ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அவ்வளவும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். எனக்குத் தெரிந்தவருக்கு முழங்கை வரை தோல் உரிந்தது, அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஓ_ரிங்

குளிர்ச்சி விஷயத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் மற்ற மூன்றுக்கு வருகிறேன்.

டிக் டிக் சத்தம் ஹைட்ராலிக் லிஃப்டர், அதாவது ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகம். ராத்திரி நின்ற வண்டியில் அதிலிருந்து ஆயில் இறங்கியிருக்கும், நிரம்பும் வரை தட்டும். இந்த எஞ்சினில் சாதாரணம். ஆயில் அளவைப் பாருங்கள், மாற்றி நாளாகியிருந்தால் மாற்றுங்கள். சூடான பிறகும் தட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஆயில் ஈரத்தைப் பார்த்து "கிராங்க் தண்டின் பின்பக்க சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று யாராவது சொல்வார்கள். நம்புவதற்கு முன் ஹெட்டின் பின்முனையைப் பாருங்கள். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கோணத்தை அளக்கும் சென்சார் அங்கே நெருப்புச் சுவரை (எஞ்சின் அறைக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஒட்டி நிற்கிறது. அதன் ஓ-ரிங் முப்பது வருடத்தில் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். அங்கிருந்து வழியும் ஆயில் கியர்பாக்ஸ் கூண்டின் மேல் விழுந்து, கீழே பார்ப்பவருக்குப் பின் சீல் ஒழுகுவதுபோலவே தெரியும். ஒரே ஒரு சின்ன ரப்பர் வளையம்தான் மாற்ற வேண்டியது.

ஆனால் கழற்றுவதற்கு முன் சென்சார் எந்த நிலையில் இருக்கிறது என்று கீறி அடையாளம் வையுங்கள். இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, அமைப்பதே அதைத் திருப்பித்தான். மாற்றிய பிறகு எஞ்சின் அறையில் உள்ள நோயறி (டயக்னாஸ்டிக்) பெட்டியில் டிஇஎன் (TEN) என்ற முனையை ஜிஎன்டி (GND) முனையோடு இணைத்து, டைமிங் விளக்கில் பிஸ்டன் உச்சிக்கு 10 டிகிரி முன்பாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். அதே பெட்டியில் டிஎஃப்ஏ (TFA) முனையை ஜிஎன்டி-யோடு இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும், அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இந்தக் கசிவுக்கும் சூட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்த ஆயில் சொட்டும் இடத்துக்குக் கீழே ஹீட்டர் ஹோஸ் இருக்கிறது. ஆயில் பட்டுப் பட்டு ரப்பர் ஊதி இளகிவிடும். கையால் அமுக்கிப் பாருங்கள், பிசுபிசுவென்று இருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

கிளட்ச்: பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் திரவம்தான் கியர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரை இயக்குகிறது. அந்த ஸ்லேவின் ரப்பர் உறையை லேசாக விலக்குங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. ஸ்லேவை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒழுகத் தொடங்குவது வழக்கம். இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இருசீட்டர்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நீலச் சோதனை. இரண்டு முறை செய்தேன், நிறம் மாறவே இல்லை. அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் கழித்துக் கட்டிய இதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து அடித்தட்டு கிடைத்தது. வேறு எதையும் தொடாமல் அதை மட்டும் பூட்டி ஓட்டினேன். இருபது நிமிடத்தில் ஏறிய முள் நாற்பது நிமிடம் கழித்துத்தான் ஏறத் தொடங்கியது, அதுவும் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. அந்தத் தட்டு இவ்வளவு செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

நிறுத்தியதும் ரேடியேட்டரை அளந்தேன். நடுவில் 84, 86. வலது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மேலிருந்து கீழ் வரை 50 டிகிரிகூட இல்லை.

பட்டறை_நாட்கள்

அதுதான் விடை தம்பி. இந்த ரேடியேட்டரில் தண்ணீர் மேலிருந்து கீழாக இறங்குகிறது. செங்குத்தாக ஒரு பட்டை குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. முன்பு யாரோ வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருப்பார்கள், இரும்பு பிளாக்கின் துரு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். கசிவை அடைக்கும் பொடி போட்டிருந்தாலும் இப்படி ஆகும். குறைந்த சுற்றில் மிச்சக் குழாய்கள் சமாளிக்கும், நெடுஞ்சாலையில் முடியாது.

புதுசு போடுவதற்கு முன் பிளாக்கை நல்ல தண்ணீரால் தெளிவாக வரும் வரை கழுவுங்கள், இல்லாவிட்டால் அதே துரு புதிதையும் அடைக்கும். நிரப்பும்போது வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடி இல்லாமல் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மொத்தம் சுமார் 6 லிட்டர் கொள்ளும். நாலரை லிட்டரில் நிரம்பிவிட்டது என்றால் உள்ளே காற்றும் பழைய தண்ணீரும் நிற்கிறது.

வளைவுச்_சாலை

குறுக்கே ஒரு கேள்வி. தண்ணீர் வெளியேறும் வழியை ஹெட்டின் பின்பக்கத்துக்கு மாற்றுவது பற்றிப் படித்தேன். அது இவருக்கு வேண்டுமா?

கூலன்ட்_வாளி

வேண்டாம் என்பேன். அந்த யோசனைக்குக் காரணம் உண்மையானதுதான். இந்த எஞ்சின் குடும்பம் முதலில் முன்சக்கரம் ஓட்டும் கார்களில் குறுக்காக வைக்க உருவானது. நீளவாக்கில் திருப்பியபோது தெர்மோஸ்டாட் முன்பக்கம் வந்துவிட்டது. அதனால் பின்னால் உள்ள 4ஆம் சிலிண்டருக்குக் குளிர்ச்சி கொஞ்சம் குறைவு. பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களும் டர்போ போட்டவர்களும் செய்துகொள்ளட்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு நல்ல ரேடியேட்டரும் அடித்தட்டும் போதும்.

இருசீட்டர்

புது ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ்கள், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் பூட்டிவிட்டேன். ஹீட்டர் ஹோஸ் ஓ_ரிங் அண்ணா சொன்னபடியே பிசுபிசுத்து ஊதியிருந்தது. சென்சாரின் ஓ-ரிங் வெளியே எடுக்கும்போதே இரண்டாக உடைந்தது. டைமிங் 10-ல் இருக்கிறது. பிளாக்கைக் கழுவியபோது முதல் நான்கு முறை தேநீர் நிறத்தில் வந்தது. கூலன்ட் 5.5 லிட்டர் பிடித்தது.

நேற்று ஒன்றரை மணி நேரம் 100-ல் ஓட்டினேன். முள் நடுவை விட்டு நகரவில்லை. நிறுத்தியதும் மேல் ஹோஸ் 91, கீழ் ஹோஸ் 72. கூரையைத் திறந்துவிட்டு, வெப்பமானியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்து ஓட்டியது இந்த எட்டு மாதத்தில் நேற்றுதான்.

கிளட்ச் சிலிண்டர்கள் இரண்டும் வந்துவிட்டன, ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறேன். அடுத்து கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்று எந்தக் குறிப்பும் இல்லை.

பட்டறை_நாட்கள்

குறிப்பு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த 1.6-ல் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, ஆனால் நடுவழியில் நின்றுவிடும். அதைப் பிரிக்கும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள், இரண்டு முறை அதே வேலை எதற்கு?

ஒரு முக்கியமான விஷயம். ஆரம்ப கால எஞ்சின்களில் கிராங்கின் முன்மூக்கு குட்டையானது, புல்லியை அதோடு பூட்டும் சாவி (சின்ன இரும்புத் துண்டு) தேய்ந்து புல்லி ஆட ஆரம்பிக்கும். 1991-ல்தான் நீளமானதாக மாற்றினார்கள், உங்களுடையது எந்தப் பக்கம் என்று தெரியாது. முன் புல்லியில் உள்ள வெட்டுகளை எண்ணுங்கள். 4 என்றால் குட்டை, 8 என்றால் நீளம். குட்டையாக இருந்தால் அந்த போல்ட்டைக் கழற்றி மாட்டும்போது மிகவும் கவனம் வேண்டும், பழைய போல்ட்டையே திரும்பப் போடக் கூடாது.

இருசீட்டர்

டார்ச் அடித்து இரண்டு முறை எண்ணிவிட்டேன் அண்ணா. 8.