ஆர்கிடெக்ட்டும் ஆன்-கால் பார்க்க வேண்டுமா?

நள்ளிரவு_டெவ்:
மென்பொருளின் மொத்த அமைப்பை வடிவமைக்கும் சிஸ்டம் ஆர்கிடெக்ட் என்று பதவி வந்ததும் பலர் புரோகிராம் கோடு எழுதுவதை விடுகிறார்கள், சரி, சிஸ்டம் படுத்தால் எந்த நேரமும் எழுந்து பார்க்கும் ஆன்-கால் பட்டியலில் இருந்தும் பெயரை எடுத்துவிடுகிறார்கள். படத்தில் நாலு பெட்டி, நடுவில் அம்புக்குறி, அப்புறம் அடுத்த மீட்டிங். அந்த அம்புக்குறி ஒவ்வொன்றும் ஒரு நெட்வொர்க் கால், அதாவது ஒரு பெட்டி இன்னொன்றிடம் நெட்வொர்க் வழியே கேட்பது. ராத்திரி இரண்டு மணிக்கு அது பதில் வராமல் டைம்அவுட் ஆனால் எழுந்து லாக் பார்ப்பது நாங்கள். வடிவமைத்தவரும் எழ வேண்டும் என்கிறேன்.

வெண்பலகை:
நானும் ஆர்கிடெக்ட்தான். கோபம் நியாயம், கேட்பது தப்பு. நாலு டீம் ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஒரே விஷயத்தை நாலு விதமாகக் கட்டுவதைத் தடுப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ அந்த அமைப்பே அவர்கள் கட்டும் சிஸ்டத்திலும் வந்து நிற்கும் என்று கணினி வல்லுநர் மெல்வின் கான்வே 1968லேயே எழுதிவிட்டார். ராத்திரி முழுக்க அலர்ட் பார்த்துவிட்டுக் காலையில் அந்தப் பஞ்சாயத்தை யார் பண்ணுவது?

நள்ளிரவு_டெவ்:
பஞ்சாயத்து பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதைக் கேளுங்கள். எங்களிடம் ஒரு ஆர்டர், தனித்தனியாக ஓடும் ஐந்து சர்வீஸை வரிசையாகத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் ஓடும் என்று ஸ்லைடில் பச்சையாக இருந்தது. ஐந்தையும் பெருக்கினால் 99.5தான், அதாவது வருஷத்துக்கு 9 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டிய டவுன்டைம் 44 மணி நேரத்தைத் தொடுகிறது. அதுகூடப் போகட்டும். டேட்டாபேஸுக்கு மேலே மூன்று அடுக்கு, பதில் வராவிட்டால் ஒவ்வொரு அடுக்கும் மூன்று தடவை முயலும். டேட்டாபேஸ் திணற ஆரம்பித்த நேரம் பார்த்து ஒரு கிளிக்குக்கு 27 கோரிக்கை அதன் தலையில் விழுந்தது. ரீஸ்டார்ட் பண்ணப் பண்ண மறுபடி படுத்தது.

வெண்பலகை:
மூன்றை மூன்று தடவை பெருக்க ராத்திரி எழ வேண்டியதில்லையே? டிசைன் ரிவ்யூவில் கேட்டிருக்கலாம்.

நள்ளிரவு_டெவ்:
கேட்டோம். “அதெல்லாம் இம்ப்ளிமென்டேஷன் சமாச்சாரம், டீம் பார்த்துக்கொள்ளும்” என்று பதில் வந்தது.

பழைய_பைட்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த ஐந்து சர்வீஸ் யார் முடிவு? நான் பார்த்த பல இடங்களில் தேதியையும் டீம் பிரிப்பையும் மேலே முடிவு பண்ணிவிட்டு, அதற்கேற்ற படத்தை மட்டும் ஆர்கிடெக்ட்டிடம் கேட்பார்கள். திட்டு வாங்குவது மட்டும் இவர். முடிவை, அதன் காரணத்தை, தெரிந்தே ஏற்ற பாதகத்தை ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதி கோடோடு வைக்கச் சொல்லி மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் ஒரு வழிமுறை சொன்னார். அதைச் செய்யுங்கள், யார் எழ வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

வெண்பலகை:
அது சரியான பேச்சு. கோளாறு முடிந்தபின் காரணம் அலசும் போஸ்ட்மார்ட்டத்துக்கும் தவறாமல் வருகிறேன். ஆன்-கால் மட்டும் வேண்டாம்.

நள்ளிரவு_டெவ்:
போஸ்ட்மார்ட்டத்தில் நீங்கள் பார்ப்பது நாங்கள் ஆற அமர உட்கார்ந்து எழுதிய டைம்லைன். எந்த அலர்ட் சும்மா கத்தும், எந்த டாஷ்போர்டு அவசரத்துக்குத் திறக்காது என்பதெல்லாம் அதில் வராது. மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் பாருங்கள், போதும்.

வெண்பலகை:
ஒரு வாரம் என்றால் சரி. ஆனால் செகண்டரியாகத்தான்.

நள்ளிரவு_டெவ்:
பிரைமரி போனை எடுக்காவிட்டால்தான் செகண்டரிக்கே அடிக்கும் சார். நாங்கள் எடுத்துவிடுவோம். பிரைமரியில் பெயர் போடுங்கள்.