நவீன் பட்நாயக்: அப்பா பேரா, சொந்த உழைப்பா?

கரிசல்காடு:
அரசியல் வாரிசுகள் என்றாலே அப்பா பேரில் ஓட்டுகிறவர்கள்தான் என்று எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவதை ஏற்க முடியாது. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நவீன் பட்நாயக்கைப் பாருங்கள். 1997 ஏப்ரலில் அப்பா பிஜு பட்நாயக் இறக்கும்வரை அவருக்கும் அரசியலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வயது ஐம்பது. ஒடியாகூடச் சரளமாகப் பேச வராது. அப்பாவின் அஸ்கா தொகுதி இடைத்தேர்தலில் ஜெயித்தார், அந்த வருடக் கடைசியில் பிஜு ஜனதா தளம் தொடங்கினார், வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்தார். 2000 மார்ச்சில் முதல்வர். பிறகு 2019 வரை ஒரு சட்டமன்றத் தேர்தலில்கூடத் தோற்கவில்லை. அப்பாவே இரண்டு தவணைதான் முதல்வராக இருந்தார். வெறும் பேரை வைத்து 24 வருடம் ஓட்ட முடியுமா?

மூங்கில்துறை:
கட்சிக்கே அப்பா பேர்தான் நண்பரே. கட்சியைக் கட்டியவர்களில் முக்கியமானவர் பிஜய் மகாபாத்ரா. 2000 தேர்தலில் கடைசி நேரத்தில் அவருடைய சீட்டைப் பறித்து வேறு ஆளை நிறுத்தினார்கள். தனக்குப் போட்டியாக வரக்கூடியவரை முளையிலேயே கிள்ளியதை நிர்வாகத் திறமையில் சேர்க்காதீர்கள்.

கரிசல்காடு:
சரி, நிர்வாகத்துக்கே வருகிறேன். 1999 அக்டோபர் பெரும்புயலில் ஒடிசாவில் சுமார் பத்தாயிரம் பேர் செத்தார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள், உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. ஏழைகளுக்கு 2008இல் கிலோ அரிசி இரண்டு ரூபாய், 2013இல் ஒரு ரூபாய். 2019 மக்களவைத் தேர்தலில் அவர் கட்சி நிறுத்திய 21 வேட்பாளர்களில் 7 பேர் பெண்கள். மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மேடையில் பேசும் கட்சிகளில் எத்தனை அதைச் செய்து காட்டின?

மூங்கில்துறை:
மாநிலப் பேரிடர் ஆணையம் 1999 டிசம்பரிலேயே வந்துவிட்டது, இவர் பதவியேற்பதற்கு முன்பே. அதைத் தொடர்ந்து வளர்த்த பெருமை இவருக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2006 ஜனவரியில் கலிங்கநகரில் எஃகு ஆலைக்கான நிலப் போராட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஆதிவாசிகளைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கத்துக்காக உச்ச நீதிமன்றம்வரை போனது இவருடைய அரசு நிறுவனம். 2013இல் 12 கிராமசபைகள் கூடி வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அது நின்றது. புயலிலிருந்து காப்பாற்றிய அதே அரசு இதையும் செய்தது. எனக்கு இது சின்ன விஷயமில்லை.

புவனேஸ்வர் தமிழன்:
இங்கே வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 2024 தேர்தலில் பேச்சு முழுக்க வி.கே. பாண்டியனைச் சுற்றித்தான். முதல்வரின் செயலராக இருந்த இந்தத் தமிழ் ஐஏஎஸ் அதிகாரி 2023இல் விருப்ப ஓய்வு பெற்றுக் கட்சியில் சேர்ந்தார். வெளி ஆள் எங்களை ஆள்வதா என்று பாஜகவினர் மேடைக்கு மேடை கேட்டார்கள். பூரி கோயில் பொக்கிஷ அறையின் சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது என்ற பேச்சைப் பிரதமரே எடுத்தார். ஸ்டாலின் கண்டித்தார். எங்களை மாதிரி இங்கே பிழைக்கிறவர்களுக்கு அது வலித்தது. நவீனை வீழ்த்தியது அந்தப் பிரசாரம்தான் என்று நினைக்கிறேன்.

மூங்கில்துறை:
அந்தப் பிரசாரம் அசிங்கமானது, இதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் தேர்தலையே சந்திக்காத ஒருவர் அந்த உயரத்துக்கு எப்படி வந்தார்? பாண்டியனுக்கு முன்பு அந்த இடத்தில் இருந்தவர் பியாரிமோகன் மகாபாத்ரா. அவர் தமிழரும் இல்லை, வெளி ஆளும் இல்லை. ஆனால் அவரும் முன்னாள் அதிகாரி, பிஜுவுக்குச் செயலராக இருந்தவர். 2012இல் நவீன் லண்டனில் இருந்தபோது ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார் என்று சொல்லி அவரை வெளியேற்றினார்கள். அடுத்தும் ஒரு அதிகாரியையே நம்பினார். கட்சிக்காக உயிரைக் கொடுத்து உழைத்த மாவட்டத் தலைவர்கள் முதல்வரைப் பார்க்க வாசலில் காத்துக்கிடந்தார்கள்.

கரிசல்காடு:
பாண்டியன் என் வாரிசு இல்லை, மக்கள் முடிவு செய்வார்கள் என்று நவீன் வெளிப்படையாகச் சொன்னாரே! மகனில்லை, மகளில்லை, உறவினர் யாரையும் கொண்டுவரவில்லை. அதோடு 2024இல் இடங்கள் 51க்கு இறங்கினாலும், ஓட்டு விகிதத்தில் 78 இடம் பிடித்த பாஜகவைவிட நூலிழை முன்னேதான் இருந்தார். மக்கள் முழுசாகக் கைவிட்டுவிடவில்லை.

மூங்கில்துறை:
மக்களவையில் பூஜ்யம். நின்ற இரண்டு சட்டமன்றத் தொகுதிகளில் காண்டாபாஞ்சியில் அவரே தோற்றார், ஹிஞ்சிலிதான் காப்பாற்றியது. ஓட்டு இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஓட்டை அவருக்குப் பிறகு யாரிடம் ஒப்படைப்பது? பிஜுவின் மகன் என்பதால் 1997இல் கட்சிக்கு ஒரு முகம் கிடைத்தது. 24 வருடத்தில் இரண்டாவது முகம் ஒன்றைக்கூட அவர் வளர விடவில்லை.

புவனேஸ்வர் தமிழன்:
அதைத்தான் இங்கே அக்கட்சிக்காரர்களே கேட்கிறார்கள்.