ஜெஸப் மூட் கோர்ட்: முதல் முறை போகும் அணி, மெமோரியல் வேலையை எப்படிப் பிரிக்கிறது?

கடைசிபெஞ்ச்:
வணக்கம். எங்க சட்டக் கல்லூரியிலிருந்து முதல் தடவையா ஜெஸப்புக்கு, அதாவது சர்வதேசச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு, ஒரு அணி போகுது. அஞ்சு பேர். கம்ப்ரொமியில் (போட்டிக்குக் கொடுக்கிற கற்பனை வழக்கு விவரம்) நாலு கேள்வி, ரெண்டு தரப்புக்கும் தனித்தனி மெமோரியல் (எழுத்து வாதம்). அப்ளிகண்ட் (வழக்குத் தொடுக்கிற நாடு) பக்கம் ரெண்டு பேர், ரெஸ்பாண்டன்ட் (எதிர் நாடு) பக்கம் ரெண்டு பேர் எழுதலாம், அஞ்சாவது ஆள் ஃபுட்நோட்டைப் பாத்துக்கட்டும்னு யோசிக்கிறோம். சரி வருமா? பொறுப்பாசிரியர் எவ்வளவு தூரம் உதவலாம்? வாய்வாதத்துக்கு எப்போ ஆரம்பிக்கணும்?

ரிபட்டல்ராஜா:
எழுதுற கட்டத்தில் தரப்பு வாரியா பிரிச்சா மாட்டிக்குவீங்க. கேள்வி வாரியா பிரிங்க. ஒரு கேள்விக்கு ஒரு ஆள், ரெண்டு பக்கமும் அவரே எழுதட்டும். தரப்புப் பிரிவினை வாய்வாதத்துக்கு வந்த பிறகு போதும்.

உதாரணத்துக்கு, ஒரு நாடு பக்கத்து நாட்டுக் கிளர்ச்சிக் குழுவுக்கு ஆயுதம் கொடுக்குது. அந்தக் குழு செஞ்சதுக்கு ஆயுதம் கொடுத்த நாடு பொறுப்பாகுமாங்கிறது கேள்வி. அப்ளிகண்ட் மட்டும் எழுதுறவர் நேரா டாடிச் வழக்குக்கு ஓடுவார். யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு 1999-ல் ‘ஓவரால் கன்ட்ரோல்’ (குழுவின் மேல் பொதுவான கட்டுப்பாடு) இருந்தாலே போதும்னு சொன்னது அவருக்குத் தோதா இருக்கும். ஆனா ஐசிஜே (சர்வதேச நீதிமன்றம்) 1986 நிகராகுவா தீர்ப்பில் வெச்ச அளவுகோல் ‘எஃபெக்டிவ் கன்ட்ரோல்’ (அந்தக் குறிப்பிட்ட செயல்களின் மேலேயே கட்டுப்பாடு). 2007 போஸ்னியா இனப்படுகொலை வழக்கில் டாடிச்சை எடுத்து ஆராய்ஞ்சு, அரசுப் பொறுப்பை முடிவு பண்ண அந்த அளவுகோல் ஒத்துவராதுன்னு ஒதுக்கிடுச்சு. 2007-ஐ விட்டுட்டு எழுதினா பெஞ்சின் (நீதிபதிகளின்) முதல் கேள்வியே அதுதான். ரெண்டு பக்கமும் எழுதுறவர் இந்தப் பள்ளத்தில் விழ மாட்டார், ஏன்னா எதிர்ப்பக்கத்துக்கு அதை அவரேதான் தோண்டியிருப்பார்.

முதல் வாரம் யாரும் எழுத வேண்டாம். கம்ப்ரொமியின் ஒவ்வொரு பத்தி எண்ணுக்கும் ஒரு அட்டவணை போடுங்க: இந்த உண்மை யாருக்கு உதவும், எந்தக் கேள்விக்கு, இதை எதிர்த்தரப்பு எப்படித் திருப்பும். எந்த நாடு எந்த உடன்படிக்கையில் சேர்ந்திருக்குன்னு சொல்ற பத்தி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதைக் கோட்டை விடுற அணிகள் நிறைய. கையெழுத்து மட்டும் போட்டு உறுதி செய்யாத நாட்டின் மேல் அந்த உடன்படிக்கையை நேரடியா ஏவ முடியாது. வழக்கச் சட்டம் வழியாத்தான் வரணும். அதுக்கு அரசுகளின் நடைமுறையும் ஒபினியோ ஜூரிஸும் (சட்டக் கடமைன்னு நம்பித்தான் அப்படி நடக்கிறாங்கங்கிறது) ரெண்டும் காட்டணும், ஐசிஜேயின் 1969 நார்த் ஸீ தீர்ப்பைப் படிங்க.

அஞ்சாவது ஆளை வெறும் ஃபுட்நோட்டுக்கு விட்டா வீண். நாலு பேர் எழுதினதை ஒரே குரலா ஆக்குற வேலை அவருடையது. முதல் கேள்வியில் ‘அந்த ஒப்பந்தம் காலாவதி’ன்னு சொல்லிட்டு மூணாவது கேள்வியில் அதே ஒப்பந்தத்தை மீறினதா வாதாடுறது மெமோரியல்களில் சர்வ சாதாரணம். மாற்று வாதம்னா மாற்று வாதம்னு வெளிப்படையா எழுதணும்.

சட்டவாத்தியார்:
ஆசிரியர் உதவி பற்றி. ஆராய்ச்சியும் எழுத்தும் அணியின் சொந்த உழைப்பாக இருக்க வேண்டும் என்பது ஜெஸப் விதி. எந்தத் துறையைப் படிக்க வேண்டும், வாதத்தின் அமைப்பு நிற்கிறதா, எந்த இடம் புரியவில்லை என்று பொதுவாகச் சொல்லலாம். பேனாவை எடுத்து வாக்கியத்தைத் திருத்தினால் கோடு தாண்டியாகிவிட்டது. அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் வெளியுதவி பற்றிய பகுதியை ஆசிரியரும் அணியும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆசிரியர் உண்மையில் செய்ய வேண்டியது நிர்வாக வேலை. உள்தேர்வுத் தேதி மோதினால் மாற்றுத் தேதியை எழுத்தில் வாங்கித் தருவது, பயிற்சி பெஞ்சுக்கு ஆள் பிடிப்பது. பெஞ்சில் சர்வதேசச் சட்ட ஆசிரியர்களையே உட்கார வைக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டமோ குற்றவியலோ நடத்துபவர்தான் அடிப்படையை ஆட்டும் கேள்வி கேட்பார். அவருக்கு இரண்டு பக்கக் குறிப்பு கொடுத்தால் போதும். ஒரு சுற்றில் தரப்புக்கு 45 நிமிடம், பிறகு விமர்சனம். அறையை இரண்டரை மணி நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள்.

வாய்வாதத்தை மெமோரியல் அனுப்பிய மறுவாரமே தொடங்குங்கள். ஒருவர் 25 நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது, ரிபட்டலுக்கு (எதிர்த்தரப்பு பேசிய பின் தரும் பதிலுக்கு) 10 நிமிடம் வரை ஒதுக்கலாம். பேசும் இருவருக்கு 22, 20, ரிபட்டலுக்கு 3 என்ற பிரிப்பு பெரும்பாலும் ஒத்துவரும். எழுதி மனப்பாடம் செய்த உரை கேள்வி மழையில் நனைந்து கிழியும். ஒவ்வொரு வாதத்துக்கும் முழு வடிவம், பாதி வடிவம், இரண்டு நிமிட வடிவம் மூன்றும் கைவசம் வேண்டும். நீதிபதி வாய் திறந்தால் சொல்லின் நடுவிலும் நிறுத்துங்கள். பதிலில் முதலில் ஆம் அல்லது இல்லை, பிறகு காரணம், பிறகு ஆதாரம், உடனே விட்ட இடத்துக்குத் திரும்புதல். ‘அதற்குப் பிறகு வருகிறேன்’ என்ற பதில் மதிப்பெண்ணைத் தின்னும். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று இரண்டு பட்டியல் எழுதி மேசையில் வையுங்கள்.

அடிக்குறிப்பு:
சட்ட நூலகப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

ஐசிஜே இணையதளத்தில் தீர்ப்பும் நீதிபதிகளின் தனிக் கருத்துகளும் வேறு வேறு கோப்புகளாக இருக்கும். தேடுபொறி வழியாக நுழைந்தால் மறுப்புக் கருத்தைத் திறந்துவிட்டு அதையே தீர்ப்பாக மேற்கோள் காட்டும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு ஃபுட்நோட்டுக்கும் பத்தி எண்ணோடு மூலத்தைத் திறந்து பார்த்தவர் யார் என்று ஒரு தாளில் குறியுங்கள். ஏஐ கொடுத்த வழக்குப் பெயரை அப்படியே ஒட்டாதீர்கள். இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023-ல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க வேண்டிய புத்தகங்களை முதல் வாரமே கேளுங்கள், கடைசி வாரம் கேட்டால் நாங்கள் கையை விரிப்போம்.

வேர்டில் தடுக்கும் இடங்கள். வார்த்தை வரம்பில் ஃபுட்நோட் சேருமா என்று விதியைப் பாருங்கள். சேரும் என்றால் பிளீடிங்ஸ் (வாதங்கள் உள்ள) பகுதியை மட்டும் புதுக் கோப்பில் ஒட்டி, வேர்ட் கவுண்ட் பெட்டியில் ஃபுட்நோட் தேர்வை டிக் செய்து எண்ணுங்கள். முந்தைய குறிப்பைச் சுட்டும் எண்களைக் கையால் அடிக்காமல் கிராஸ் ரெஃபரன்ஸாகப் போடுங்கள். கன்ட்ரோல் ஏ, எஃப்9 அழுத்தினால் மேல் உரை மட்டுமே புதுப்பிக்கும். ஃபுட்நோட்டுக்குள் கர்சரை வைத்து அதே இரண்டையும் மறுபடி அழுத்த வேண்டும். பிடிஎஃப் ஆக்கியதும் ‘எரர்’ என்று தேடிப் பாருங்கள். அணிக்கு எண்தான் அடையாளம் என்பதால், கோப்பின் ஆத்தர் பெயர், கமென்ட், டிராக் சேஞ்சஸ் எல்லாவற்றையும் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் வழியாக நீக்குங்கள்.

கடைசிபெஞ்ச்:
ரொம்ப நன்றி. கேள்வி வாரியாவே பிரிக்கிறோம். ஒரு சந்தேகம், ரிபட்டலை ரெண்டு பேரும் பிரிச்சுப் பேசலாமா?

ரிபட்டல்ராஜா:
கூடாது, பேசின ரெண்டு பேரில் ஒருத்தர்தான். எதிர்த்தரப்பு வாய்விட்டுச் சொன்னதுக்கு மட்டும் பதில், ரெண்டே பாயின்ட், அதுக்கு மேல வேண்டாம். இன்னொண்ணு: அப்ளிகண்ட் ரிபட்டலைக் கைவிட்டா ரெஸ்பாண்டன்டுக்கு சர்ரிபட்டல் (அந்த ரிபட்டலுக்கான பதில்) கிடையாது. அவங்க தடுமாறி உட்கார்ந்துட்டாங்க, உங்ககிட்ட புதுசா அடிக்க ஒண்ணும் இல்லன்னா, அதை யோசிங்க.